"நாலு டயரும் புதுசு" என்றால் முதலில் ஸ்டெப்னியைப் பாருங்கள்

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் 2016 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், விஎக்ஸ்ஐ. மீட்டரில் 48,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர். "நாலு டயரும் புதுசு போட்டிருக்கு, பிரேக் வேலையும் போன மாசம்தான் பார்த்தோம்" என்கிறார் விற்பவர். உங்கள் மாமனார் வீடு கோத்தகிரியில். மாதம் இரண்டு தடவை குழந்தையோடு மலை ஏறி இறங்க வேண்டும். டயரையும் பிரேக்கையும் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா, புது டயர் என்பதால் ஒரு கவலை விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்க்க முடியும். கவலைதான் விடவில்லை.

இருபத்து மூன்று வருடமாக வீல் அலைன்மென்ட்டும் (வீல்களின் கோணத்தைச் சரிசெய்வது) பிரேக் வேலையும்தான் என் தொழில். விற்பனைக்கு வரும் கார்களில் புது டயர் போட்ட காரைத்தான் நான் கூடுதல் நேரம் பார்ப்பேன். கார் எப்படி ஓடியது, எங்கே இடி வாங்கியது, எவ்வளவு தூரம் போனது என்று தேய்ந்த டயர் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினால் அந்தக் கதை போய்விடுகிறது. மறைக்கத்தான் மாற்றுகிறார்கள் என்று எல்லாரையும் சொல்லமாட்டேன். மொட்டை டயரோடு ஒருவர் தலையில் கட்ட மனம் வராமல் மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் டிக்கியில் ஒரு சாட்சி மிச்சம் கிடக்கும். அதை மாற்ற வேண்டும் என்று பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

டிக்கிப் பாயைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கி எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி போகும். அதன் கடைசியில் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 4715 என்றால் 2015ஆம் ஆண்டின் 47ஆவது வாரம் செய்தது. பல டயர்களில் இந்த எண் ஒரு பக்கம்தான் இருக்கும், காணவில்லை என்றால் புரட்டிப் பாருங்கள்.

இனி கணக்கு. 2016 மாடலின் ஸ்டெப்னியில் 15 அல்லது 16 என்று முடிந்தால் அது காரோடு வந்தது. பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிராமல் இருந்தால் அது ரோட்டில் இறங்கவே இல்லை. அப்படியானால் காரோடு வந்த நாலும் ஓடித் தேய்ந்து, இப்போது மாட்டியிருப்பது இரண்டாவது செட். 48,000 என்ற மீட்டரோடு இது பொருந்துகிறது. நம் ஊர் ரோட்டில் இந்த மாதிரிக் காருக்கு ஒரு செட் டயர் சாதாரணமாக 40,000 போகும், காற்றும் அலைன்மென்ட்டும் கவனித்து ஓட்டினால் 50,000 போகும்.

ஸ்டெப்னி 2020 தயாரிப்பு, அதுவும் மொட்டை என்றால் கதை வேறு. காரோடு வந்த செட் 2020 வாக்கிலேயே தீர்ந்திருக்கிறது, அடுத்ததும் தேய்ந்து அதில் ஒன்று டிக்கிக்குப் போயிருக்கிறது, இப்போது ஓடுவது மூன்றாவது செட். 48,000 கிலோமீட்டரில் மூன்றாவது செட் எப்படி வரும்? ஒரு டயர் வெடித்து இடையில் மாற்றியிருக்கலாம், அதற்கு பில் இருக்கும். கேளுங்கள். பதில் தடுமாறினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். அப்படியே டிரைவர் பக்கம் குனிந்து பிரேக் பெடலின் ரப்பரையும் பாருங்கள். அதன் வரிகள் மழுங்கி, ஓரத்தில் இரும்பு தெரிந்தால் அந்தப் பெடல் 48,000 கிலோமீட்டர் மட்டும் மிதிபட்டது என்று என்னை நம்பவைக்க முடியாது.

அடுத்து, மாட்டியிருக்கும் "புது" டயர்கள். அவற்றிலும் அந்த நாலு எண்ணைப் படியுங்கள். கடையில் வருடக்கணக்கில் கிடந்த பழைய சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்கி மாட்டியிருந்தால் பார்வைக்குப் புதுசாகத்தான் இருக்கும், ரப்பருக்கு மட்டும் வயதாகியிருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும், பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. நம் வெயிலில், அதுவும் மலைக்குப் போகிற காரில், ஆறு வருடத்துக்கு மேல் நான் ஓட்டமாட்டேன்.

டயர் சைஸ் டிரைவர் கதவைத் திறந்தால் உள் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உங்கள் விஎக்ஸ்ஐக்கு 165/80 ஆர் 14. டயரில் அதே சைஸ் இருக்கிறதா, அதன் பக்கத்தில் வரும் எண் 85க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். முன்னால் இரண்டும் ஒரே கம்பெனி ஒரே டிசைன், பின்னால் இரண்டும் அப்படியே. ஒரே அச்சில் இடது ஒன்று வலது ஒன்று என்று மாறியிருந்தால் ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கக்கூடும்.

பழைய டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, பாலிஷ் போட்டு "புதுசு" ஆக்குகிறவர்களும் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டயரின் தோளில் ஆங்காங்கே சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் அடியில் ஒரு சின்ன ரப்பர் திட்டு குறுக்கே படுத்திருக்கும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்தத் திட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படியும் அந்த டயர் முடிந்தது. கத்தி போட்ட டயரில் அந்தத் திட்டையும் சேர்த்து அறுத்திருப்பார்கள். முக்கோணம் இருக்கிறது, திட்டைக் காணோம் என்றால் பேச்சை முடித்துவிட்டு வந்துவிடலாம். பள்ளத்தின் ஆழத்தை அளக்கத் தீக்குச்சியும் பள்ளிக்கூட ஸ்கேலும் போதும். குச்சியைப் பள்ளத்தில் நட்டு, மட்டத்தில் நகத்தால் அழுத்திக் குறி வைத்து எடுத்து அளக்க வேண்டியதுதான். புதுக் கார் டயரில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். மூன்றுக்குக் கீழே போன டயரில் மழை நாளில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம்.

பக்கச் சுவரை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள், பாலிஷ் மினுமினுப்பில் வெடிப்பு தெரியாது. பலாக்கொட்டை அளவுக்கு எங்காவது புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது, அந்த டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். பக்கச் சுவரில் பஞ்சர் ஒட்டியிருந்தாலும் அதே கதிதான்.

இனி நான் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு முன் டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். எதிரே நின்று பார்த்தால் தெரிவது வெளி ஓரம், குறை இருப்பது பெரும்பாலும் உள் ஓரத்தில். என் மச்சான் ஒரு கார் வாங்கினார், அதுவும் புது டயர் போட்டுத்தான் வந்தது. நான் அப்போது ஊரில் இல்லை. ஆறு மாதம் கழித்து "லேசா உறுமுற மாதிரி சத்தம் வருது மாப்ள" என்று கொண்டுவந்தார். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் அப்படியே இருந்தது. உள்பக்கம் கைவிட்டேன், ஏதோ முள் குத்தியது போல விரலில் ரத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை, கம்பி வலை மயிர்மயிராக நீட்டிக்கொண்டிருந்தது. முந்தைய ஓனர் எதிலோ மோதி, வீலைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்கள். அந்த டயரோடு அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அவர் திருச்சி போய் வந்திருந்தார்.

உங்கள் காரில் டயர் உண்மையிலேயே புதுசாக இருந்தால் உள் ஓரம் இன்னும் தேய்ந்திருக்காது. ஆகவே "கழற்றின பழைய டயர் எங்கே?" என்று கேளுங்கள். பலர் கடையிலேயே கொடுத்திருப்பார்கள், சிலர் வீட்டு மொட்டை மாடியில் போட்டு வைத்திருப்பார்கள். கிடைத்தால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிச்சம் இருந்தால் காற்று குறைவாக ஓட்டியது. இவை இரண்டும் பழக்கத்தால் வந்த குறை, காரைப் பாதித்திருக்காது. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு அல்லது என் மச்சான் கார் மாதிரி அடி. மேடும் பள்ளமுமாகக் கைக்கு அலை அலையாகத் தட்டினால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம். பழைய டயர் கிடைக்கவில்லை என்றால் அலைன்மென்ட் கடையில் ஏற்றி அளவு எடுக்கச் சொல்லுங்கள். அட்ஜஸ்ட் செய்ய வேண்டாம், வந்த நிலையில் அளவு மட்டும் வேண்டும் என்று சொல்லி, அந்தத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரேக்குக்கு வருவோம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டரில் 1,450 மீட்டர் இறங்குகிறீர்கள். ஆட்களோடு சேர்த்து 1,250 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் சூடாக மாறினால் ஐம்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்காதவர்களுக்குப் பெரும்பங்கு பிரேக்கின் தலையில்தான். சமவெளியில் "சூப்பரா பிடிக்குது" என்கிற பிரேக் பாதி மலையில் கைவிடுவது இந்தச் சூட்டால்தான்.

அதனால் பானெட்டைத் திறந்ததும் முதலில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். இந்த ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இதே அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயில் இது. பத்து வருடக் காரில் ஒருமுறைகூட மாற்றாததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இளம் தேன் நிறம் நல்லது, கட்டங்காப்பி நிறம் மோசம். மூடியைத் திருகி அதன் உள் ரப்பரைப் பாருங்கள். அது உப்பி, நெளிந்து, பொருந்தாமல் இருந்தால் யாரோ தெரியாமல் எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள். அப்படியானால் பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வீல்களில் உள்ள வீல் சிலிண்டர் வரை எல்லா ரப்பரும் கெட்டிருக்கும். அந்தக் காரை வாங்காதீர்கள். கையில் பட்ட ஆயிலைப் பெயின்ட்மேல் துடைத்துவிடாதீர்கள், பெயின்ட் உரிந்து வரும்.

அடுத்து பெடல். எஞ்சினை அணைத்த நிலையில் நாலைந்து தடவை மிதியுங்கள், கல் மாதிரி இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள், பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நம் மிதிக்கு வலு சேர்க்கும் பூஸ்டரோ அதற்குப் போகும் வேக்யூம் ஹோஸோ வேலை செய்யவில்லை. எஞ்சின் ஓடும்போதே ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மெதுவாக, மணலில் கால் புதைவது போல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, இல்லையேல் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது.

சாவியைத் திருப்பும்போது மீட்டரில் எந்தெந்த விளக்கு எரிந்து அணைகிறது என்றும் கவனியுங்கள். ஏபிஎஸ், அதாவது திடீர் பிரேக்கில் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, அந்த வருடத்து எல்லா வேரியன்ட்டிலும் வரவில்லை. ஏபிஎஸ் உள்ள கார் என்றால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் கோளாறு தெரியாமல் இருக்க யாராவது விளக்கைத் துண்டித்திருக்கலாம், அதுதான் எனக்கு அதிகம் கவலை தரும்.

பேடும் டிஸ்கும் பார்க்க வீலைக் கழற்ற வேண்டும். விற்பவர் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுக் கஷ்டப்பட வேண்டாம், பக்கத்துப் பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போய் நாலு வீலையும் கழற்றச் சொல்லுங்கள். சின்னச் செலவுதான். "எதுக்குங்க கழட்டிக்கிட்டு?" என்று விற்பவர் மறுத்தால் நானாக இருந்தால் அங்கேயே கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன்.

முன் வீல் கழன்றதும் வட்டத் தகடான டிஸ்கும், அதைக் கவ்வும் கேலிப்பரும், அதற்குள் டிஸ்கில் உரசி நிறுத்தும் பேடும் தெரியும். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு அதன்மேல் இருக்கும் லைனிங்கை மட்டும் கணக்கிடுங்கள். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், 3க்கு வந்தால் மாற்ற வேண்டும். உள் பேட், வெளி பேட் இரண்டையும் பாருங்கள். ஒன்று தடியாகவும் இன்னொன்று மெலிந்தும் இருந்தால் கேலிப்பரை நகரவிடும் கம்பி இறுகிக்கொண்டிருக்கிறது. "போன மாசம் வேலை பார்த்தோம்" என்கிறாரே, அது உண்மையா என்பதும் இங்கே தெரிந்துவிடும். டிஸ்கின் முகத்தில் விரல் நகத்தை வைத்து உள்ளிருந்து வெளியே இழுங்கள். ஓரத்தில் நகம் தடுக்கி நிற்கும் அளவுக்கு வரம்பு கட்டியிருந்தால் டிஸ்க் நிறையத் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்சத் தடிமன் பல டிஸ்க்குகளில் அச்சிட்டே இருக்கும், கடைக்காரரிடம் வெர்னியர் இருந்தால் அளந்து பார்க்கலாம். மழையில் நின்ற கார் டிஸ்கில் மேலாகப் படரும் துரு பரவாயில்லை, நாலு பிரேக்கில் போய்விடும்.

ஸ்விஃப்டுக்குப் பின்னால் டிரம், அதற்குள் ஷூ விரிந்து உரசி நிறுத்தும் வகை. கழற்றியதும் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை லேசாக நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஆயில் கசிவு. ஷூ எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தாலும் அதே சந்தேகம்தான். அப்படியே டிரம்மின் உள் மூலை முடுக்குகளையும் பாருங்கள். பிரேக் தூள் கறுப்பாக, மாவு மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக வண்டல் மண் கட்டியாக ஒட்டியிருந்தால், ஸ்பிரிங்குகள் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தால், அது வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் ஏராளமான கார்கள் முழுகின. சீட்டைத் துவைத்து வாசனை அடிக்கிறவர்கள் டிரம்மைத் திறந்து கழுவுவது குறைவு.

கடைசியில்தான் ஓட்டிப் பார்ப்பது. போவதற்கு முன் நாலு டயரிலும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று பிடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார் இழுப்பது காற்றாலா பிரேக்காலா என்று தெரியாது. ஆளில்லாத நேரான ரோட்டில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40இல் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். நேராக நிற்க வேண்டும். பிறகு 60லிருந்து கொஞ்சம் அழுத்தி. பெடலும் ஸ்டியரிங்கும் துடித்தால் டிஸ்க் கோணியிருக்கிறது. பிரேக் பிடிக்காமலேயே 80 வாக்கில் ஸ்டியரிங் ஆடினால் அது வீல் பேலன்ஸ், பெரிய செலவில்லை.

பத்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி இறங்குங்கள். நாலு வீலுக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது முன் வீலும் வலது முன் வீலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பின்னால் இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இதைவிட எளிய, இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. ஹேண்ட் பிரேக்கை ஒரு ஏற்றத்தில் நிறுத்திப் பாருங்கள். லீவர் பாதித் தூரம் வருவதற்குள் கார் அசையாமல் நிற்க வேண்டும்.

தேய்ந்த பேட், மெலிந்த டிஸ்க், வயதான டயர் எல்லாம் பணத்தோடு தீர்கிற விஷயம். உங்கள் சைஸில் நாலு டயருக்கு இருபதாயிரம் ரூபாய் அளவுக்கு ஒதுக்கிவிட்டு, அதை விலையில் குறைக்கச் சொல்லிப் பேசலாம். உப்பிய மூடி ரப்பர், வளைந்த ஆர்ம், டிரம்மில் வண்டல், கணக்குக்கு ஒத்துவராத ஸ்டெப்னி, இந்த நாலில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு இறங்கி வந்தாலும் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்து வாங்கினால், மலை ஏறுவதற்கு முன்பே பழைய பிரேக் ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள். எந்த ஆயில் என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். இறங்கும்போது வளைவுகளில் இரண்டாவது கியர்.

சனிக்கிழமை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். காலையில் வெளிச்சம் இருக்கும்போது போங்கள், ஒரு டார்ச்சும் பழைய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியின் அந்த நாலு எண்ணையும் முன் டயர்களின் உள் ஓரத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.